ஆஸ்திரேலியாவில் ஒப்பந்தம்: ஷரத்து, மீறல், நிவாரணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்ட பில்டரிடம் கையெழுத்துப் போட்டவர்கள், கடைக்கு லீஸ் எடுத்தவர்கள், கல்யாண ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் என்று பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விகள் இவை. அதிகம் பேர் கேட்பது, "எதிராளி ஒப்பந்தத்தை மீறிட்டார், நான் விலகிடலாமா?" என்பதுதான். அவசரத்தில் இருப்பவர்கள் ஏழாவது கேள்விக்கு நேராகப் போய்விடலாம். இங்கே இருப்பது பொதுவான விளக்கம். பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் காகிதங்களோடு ஒரு சொலிசிட்டரை, அதாவது ஆவண வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

1. ஆஸ்திரேலிய ஒப்பந்தச் சட்டம் எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது?

ஒரே புத்தகத்தில் இல்லை. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லி வாதாடலாம். ஆஸ்திரேலியாவில் ஒப்பந்தச் சட்டத்தின் பெரும்பகுதி நீதிபதிகளின் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச்சட்டம், பிறகு கான்பராவில் இருக்கும் ஹை கோர்ட் தீர்ப்புகளால் தனி உருவம் பெற்றது. இங்கே ஹை கோர்ட்தான் நாட்டின் கடைசி நீதிமன்றம். அதற்கு மேலே சுப்ரீம் கோர்ட் கிடையாது. சுப்ரீம் கோர்ட் என்பது மாநில நீதிமன்றம். நம் ஊர்க் கணக்குக்குத் தலைகீழ்.

இந்தத் தீர்ப்புகளுக்கு மேலே சில எழுத்துச் சட்டங்கள் உட்கார்ந்திருக்கின்றன. சாமானியனுக்கு முக்கியமானது 2011 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். வீடு கட்டுவது, வாடகை, நில விற்பனை போன்றவற்றுக்கு ஒவ்வொரு மாநிலமும் தனிச் சட்டம் வைத்திருக்கிறது.

2. எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். செல்லுமா?

பொதுவாகச் செல்லும். நிரூபிப்பதுதான் தலைவலி. நில விற்பனை போன்ற சிலவற்றுக்கு மட்டும் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும்.

கையெழுத்து ஆகாத நிலையிலும் ஒருவரை நம்பவைத்துக் கைவிட முடியாது என்பதற்கு 1988-இல் வந்த வால்டன்ஸ் ஸ்டோர்ஸ் வழக்கு உதாரணம். நியூ சவுத் வேல்ஸில் நௌரா என்ற ஊரில் மாஹர் தம்பதி தங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, வால்டன்ஸ் கடைக்காகப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். லீஸ் ஆவணப் பரிமாற்றம் வெறும் சம்பிரதாயம் என்று அவர்கள் நம்பும்படி வால்டன்ஸ் நடந்துகொண்டது. கட்டடம் சுமார் 40 சதவீதம் எழும்பிய பிறகு "எங்களுக்கு வேண்டாம்" என்றது. மாஹர் தம்பதி வேலை செய்துகொண்டிருப்பது தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது நியாயமற்ற நடத்தை என்று சொல்லி, ஹை கோர்ட் அந்தக் கடையைப் பொறுப்பாக்கியது.

3. படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். 2004-இல் டோல் – ஆல்ஃபாஃபார்ம் வழக்கில் இதை ஹை கோர்ட் அழுத்திச் சொன்னது. ஃப்ளூ தடுப்பூசி மருந்தை ஏற்றிக் கொண்டுபோவதற்கான படிவம் அது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலேயே, பின்பக்க நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடும்படி அச்சிட்டிருந்தார்கள். போட்டவர் திருப்பிப் பார்க்கவில்லை. மருந்து கெட்டுப்போனது. பின்பக்கத்தில் "நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதியிருந்தது செல்லுபடியானது. வணிகர்கள் தங்கள் கையெழுத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை. கடுமையானதுதான். ஆனால் இல்லாவிட்டால் எந்தக் காகிதத்தையும் நம்பி வியாபாரம் நடக்காது.

விதிவிலக்குகளும் உண்டு: மோசடி, தவறான விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கியது, அப்புறம் எதிராளியின் பலவீனம் தெரிந்தே அதைப் பயன்படுத்திக்கொண்டது. கடைசி வகைக்கு எல்லோரும் சொல்லும் வழக்கு 1983-இல் வந்த அமாடியோ. எழுபது வயதைத் தாண்டிய இத்தாலியக் குடியேறிகள். ஆங்கிலம் சரியாக வராது. மகனுடைய கட்டுமானக் கம்பெனியின் கடனுக்கு ஜாமீன் பத்திரத்தை வங்கி மேலாளர் வீட்டுக்கே கொண்டுவந்தார். சமையலறையில் கையெழுத்தானது. பொறுப்பு 50,000 டாலர் வரை, அதுவும் ஆறு மாதத்துக்குத்தான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பத்திரத்தில் எந்த வரம்பும் இல்லை. கம்பெனி மூழ்கிக்கொண்டிருப்பது வங்கிக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. ஹை கோர்ட் அந்தப் பத்திரத்தை ரத்து செய்தது.

பிள்ளைகளின் தொழிலுக்காக ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கும் குடும்பங்கள் இந்த ஒரு வழக்கையாவது தெரிந்துவைத்திருப்பது நல்லது. அவர்கள் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற வேண்டும் என்று வங்கிகள் இப்போது வற்புறுத்துவதற்குப் பின்னால் இந்த மாதிரித் தீர்ப்புகள்தான் இருக்கின்றன.

4. ரசீதின் பின்பக்கத்தில், சுவரில் மாட்டிய பலகையில் எழுதியிருப்பதெல்லாம் ஒப்பந்தமா?

கையெழுத்து இல்லாத இடத்தில் விதி வேறு. ஒப்பந்தம் ஏற்படுவதற்கு முன்பே, நியாயமான அளவுக்கு உங்கள் கண்ணில் படும்படி அது இருந்திருக்க வேண்டும். பணம் கட்டி முடித்த பிறகு கையில் வரும் டிக்கெட்டில் புதிதாக ஒரு நிபந்தனையை நுழைக்க முடியாது. கிரேக்கக் கப்பல் பயணத்தில் காயமடைந்த ஃபே என்பவரின் வழக்கில், "வழக்குப் போடுவதென்றால் ஏதென்ஸில்தான்" என்று டிக்கெட்டில் இருந்த வரியை 1988-இல் ஹை கோர்ட் ஏற்கவில்லை. ஒப்பந்தம் ஆஸ்திரேலியாவில் பணம் கட்டியபோதே ஏற்பட்டுவிட்டது.

பலகை செல்லும் என்றாலும் அதன் சொற்கள் எவ்வளவு தூரம் போகும் என்பது தனிக் கேள்வி. சிட்னி மாநகராட்சியின் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு திருடன், டிக்கெட்டைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லி மாற்றுச் சீட்டு வாங்கி, அடுத்தவர் காரை ஓட்டிக்கொண்டு போனான். ஊழியர் விட்டுவிட்டார். "பொறுப்பல்ல" என்ற ஷரத்து, ஒப்பந்தத்தில் சொல்லப்படாத இந்த மாதிரி ஒப்படைப்பைக் காப்பாற்றாது என்று 1965-இல் தீர்ப்பானது.

5. விற்கும்போது வாயால் சொன்னதைக் காகிதத்தில் காணோம். என்ன செய்யலாம்?

பழைய சட்டப்படி, சொன்னது வாக்குறுதியா, வெறும் அபிப்பிராயமா என்று பார்ப்பார்கள். 1970-இல் ஒரு மோட்டார் படகு வழக்கு. மணிக்கு 15 மைல் வேகம் என்று "மதிப்பிட்டு" விற்பவர் கடிதம் எழுதியிருந்தார். படகு அந்த வேகத்தைத் தொடவில்லை. மதிப்பீடு வாக்குறுதி ஆகாது என்று வாங்கியவர் தோற்றார். வேகம் அவ்வளவு முக்கியம் என்றால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லியிருக்கலாமே என்றது நீதிமன்றம்.

இன்றைக்கு அவருக்கு வேறு வழி இருந்திருக்கும். நுகர்வோர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, வியாபாரத்தில் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. எண்ணம் கெட்டதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த நாட்டில் ஒப்பந்தத் தகராறு என்று வரும் மனுக்களில் இந்தப் பிரிவு கூடவே ஒட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான்.

6. எழுதாத ஷரத்தை நீதிமன்றமே சேர்க்குமா?

சேர்க்கும், ஆனால் தாராளமாக இல்லை. அது நியாயமாக இருக்க வேண்டும், அது இல்லாமல் ஒப்பந்தம் ஓடாது என்ற நிலை வேண்டும், சொல்லாமலே விளங்கும்படி இருக்க வேண்டும், தெளிவாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், எழுதியதோடு முரண்படக் கூடாது. 1977-இல் வெஸ்டர்ன்போர்ட் சுத்திகரிப்பு ஆலை வழக்கில் வந்த ஐந்து சோதனைகள் இவை. "முதலாளியும் தொழிலாளியும் பரஸ்பர நம்பிக்கையைக் குலைக்கக் கூடாது" என்ற ஷரத்தை வேலை ஒப்பந்தங்களில் சேர்க்க 2014-இல் ஹை கோர்ட் மறுத்துவிட்டது. இங்கிலாந்தில் அது உண்டு.

7. எதிராளி மீறிவிட்டார். நான் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கிளம்பலாமா?

எல்லா மீறலுக்கும் முடியாது. எந்த மீறலுக்கும் நட்டஈடு கேட்கலாம். விலகும் உரிமை சிலவற்றுக்கு மட்டும்தான். உடைபட்ட ஷரத்து எந்த ரகம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அடிப்படை ஷரத்து என்றால் மீறல் சிறியதாக இருந்தாலும் விலகலாம். அது கறாராக நிறைவேறும் என்ற உறுதி இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பந்தத்துக்கே வந்திருக்க மாட்டீர்கள், அது எதிராளிக்கும் தெரிந்திருக்கும் என்பதுதான் அளவுகோல். இது 1938-இல் வந்த லூனா பார்க் வழக்கிலிருந்து வந்தது. சிட்னி டிராம் வண்டிகளின் கூரையில் விளம்பரப் பலகை வைக்க லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா ஒப்பந்தம் போட்டது. ஒவ்வொரு பலகையும் தினமும் குறைந்தது எட்டு மணி நேரம் ஓடும் என்று விளம்பரக் கம்பெனி உறுதி கொடுத்தது. பிறகு, "சராசரியாகப் பார்த்தால் எட்டு மணி வருகிறதே" என்றது. சராசரி செல்லாது, அது அடிப்படை ஷரத்து, லூனா பார்க் விலகியது சரி என்று தீர்ப்பு வந்தது.

இதே வழியில் 1951-இல் இன்னொன்று. ஜிம்மி பேங்க்ஸ் வரைந்த 'ஜிஞ்சர் மெக்ஸ்' ஆஸ்திரேலியச் சிறுவர்கள் எல்லோருக்கும் தெரிந்த படக்கதை. ஞாயிறு இணைப்பின் முதல் பக்கத்தில் முழுப்பக்கமாக வரும் என்று பத்திரிகை ஒப்புக்கொண்டிருந்தது. காகிதத் தட்டுப்பாட்டில் மூன்று வாரம் உள்பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்றே வாரம்! பேங்க்ஸ் விலகினார், ஹை கோர்ட் அவர் பக்கம் நின்றது. ஓவியருக்கு முதல் பக்கம் என்பது அவருடைய பெயரும் சந்தை மதிப்பும். சம்பளம் ஒழுங்காக வந்தது என்பது அதை ஈடுகட்டவில்லை.

துணை ஷரத்து என்றால் நட்டஈடு மட்டும். இரண்டுக்கும் நடுவே இடைப்பட்ட ரகம் ஒன்றை 2007-இல் கூம்பட்டூ வழக்கில் ஹை கோர்ட் வெளிப்படையாக ஏற்றது. அதில் மீறலின் விளைவைப் பார்ப்பார்கள்: ஒப்பந்தத்தின் பலனில் கணிசமான பகுதியை அது உங்களிடமிருந்து பறித்துவிட்டதா? அந்த வழக்கில் நிலக் கூட்டுத் தொழிலின் கணக்குகளை ஒழுங்காக வைக்காததே விலகப் போதுமானதாக இருந்தது.

ஆபத்து எங்கே என்றால், விலக உரிமை இல்லாத இடத்தில் விலகினால் ஒப்பந்தத்தைக் கைவிட்டவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதுவரை தப்பு அவர் மேல். அப்புறம் நட்டஈடு கேட்பது அவர். பில்டர் டைல்ஸைக் கோணலாகப் பதித்தார் என்று மறுநாளே சைட்டைப் பூட்டி வேறு ஆளை வைப்பவர்கள் இந்தக் குழியில் விழுகிறார்கள். குறையை எழுத்தில் சொல்லி, சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுத்து, ஒப்பந்தத்தில் இதற்கென்று நோட்டீஸ் முறை இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுங்கள்.

இன்னொன்று. மீறல் தெரிந்த பிறகும் ஒப்பந்தத்தைத் தொடர்வது போல் நடந்துகொண்டால், அந்த மீறலைக் காட்டிப் பிறகு விலக முடியாமல் போகலாம்.

8. வாடகைதாரர் அடிக்கடி தாமதமாகக் கட்டுகிறார். லீஸை முடித்தால் மீதி வருட வாடகையும் கேட்கலாமா?

1982-இல் ஷெவில் வழக்கின் விடை பலருக்கு அதிர்ச்சி தரும். வாடகைதாரர்கள் தாமதமாகக் கட்டினார்களே தவிர, கட்டவே மாட்டோம் என்று கைவிரிக்கவில்லை. லீஸில் எழுதியிருந்த உரிமையைக் கொண்டு உரிமையாளர் முடித்தது செல்லும். ஆனால் அதுவரை உள்ள பாக்கி மட்டும்தான் கிடைத்தது, எதிர்கால வாடகை இழப்பு கிடைக்கவில்லை. இதைப் படித்த வழக்கறிஞர்கள், "வாடகையைக் குறித்த நாளில் கட்டுவது அடிப்படை ஷரத்து" என்று கடை லீஸ்களில் எழுதத் தொடங்கினார்கள். உங்கள் லீஸில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

9. நட்டஈட்டை எப்படிக் கணக்கிடுவார்கள்?

ஒப்பந்தம் சொன்னபடி நிறைவேறியிருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, பணத்தால் முடிந்தவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதுதான் நோக்கம். எதிராளியைத் தண்டிப்பது ஒப்பந்தச் சட்டத்தின் வேலை இல்லை. "அவனுக்குப் பாடம் கற்பிக்கணும்" என்று வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

வீட்டு விவகாரத்தில் இந்தக் கணக்கு சுவாரசியமானது. 1954-இல் பெல்குரோவ் வழக்கில் அஸ்திவாரக் கான்கிரீட் ஒப்பந்த அளவுப்படி இல்லை, வீடே ஆட்டம் கண்டது. மதிப்புக் குறைவை மட்டும் தருகிறேன் என்றார் பில்டர். இடித்துக் கட்டும் செலவு முழுவதும் கொடு என்றது ஹை கோர்ட். அந்த வேலை அவசியமானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்ற வரம்பு மட்டும் உண்டு.

2009-இல் டாப்கார்ப் வழக்கு இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. மெல்பர்னில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முகப்புக் கூடத்தை உரிமையாளர் கிரானைட்டும் செர்ரி மரமுமாக இழைத்துக் கட்டியிருந்தார். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்று லீஸ் சொன்னது. குத்தகைதாரர் அதை இடித்துத் தன் ரசனைப்படி கட்டினார். மதிப்பு வித்தியாசம் 34,820 டாலர்தான் என்றார் முதல் நீதிபதி. கடைசியில் கொடுக்க வேண்டி வந்தது 13.8 லட்சம் டாலர். பழையபடி கட்டும் செலவும் அதுவரை இழக்கும் வாடகையும் சேர்த்து. பணத்தைக் கட்டிவிட்டு மீறிக்கொள்ளலாம் என்ற வாதத்தை ஹை கோர்ட் ஏற்கவில்லை.

லாபத்தைக் கணக்கிடவே முடியாவிட்டால் செலவழித்ததைத் திரும்பக் கேட்கலாம். 1951-இல் மக்ரே வழக்கு: பாப்புவா அருகே பவளப்பாறையில் சிக்கிய எண்ணெய்க் கப்பலை அரசு அமைப்பு ஒன்று 285 பவுண்டுக்கு விற்றது. வாங்கியவர்கள் மீட்புக் குழுவோடு போனால் கப்பலும் இல்லை, அந்தப் பெயரில் பாறையும் இல்லை. இல்லாத கப்பலில் எவ்வளவு லாபம் என்று யார் சொல்வது? தேடிப்போன செலவைக் கொடுக்க உத்தரவானது.

10. நானும் நஷ்டத்தைக் குறைக்க வேண்டுமா?

ஆமாம். நியாயமான முயற்சி எடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம் கிடைக்காது. வாடகைதாரர் பாதியில் போய்விட்டால் வீட்டைக் காலியாகப் போட்டுவிட்டு முழு வாடகையும் கேட்க முடியாது. விளம்பரம் கொடுத்து அடுத்த ஆளைத் தேடியாக வேண்டும். அதேபோல, ஒப்பந்தம் போடும்போது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்க முடியாத தூரத்து நஷ்டமும் கிடைக்காது.

11. மன உளைச்சலுக்குப் பணம் கிடைக்குமா?

பொதுவாக இல்லை. ஒப்பந்தத்தின் நோக்கமே மகிழ்ச்சி, ஓய்வு என்றால் கிடைக்கும். 1986 பிப்ரவரியில் மிகயில் லெர்மொன்டோவ் என்ற சோவியத் உல்லாசக் கப்பல் நியூசிலாந்தில் மார்ல்பரோ சவுண்ட்ஸ் பகுதியில் மூழ்கியது. அதில் பயணம் செய்த திருமதி டில்லனுக்கு ஏமாற்றத்துக்கும் வேதனைக்கும் நட்டஈடு உண்டு என்று 1993-இல் ஹை கோர்ட் சொன்னது. டிக்கெட் பணம் முழுவதையும் திருப்பித் தரச் சொல்ல மட்டும் மறுத்தது. எட்டு நாள் பயணத்தை அனுபவித்துவிட்டாரே. 2013-இல் ஐரோப்பிய வெள்ளத்தால் ஆற்றுக் கப்பல் பயணம் பேருந்துப் பயணமாக மாறிப்போன பயணிகளுக்கும் 2020-இல் இதே ரீதியில் வழி திறந்தது.

கல்யாணத்துக்கு வராத போட்டோகிராஃபர்? இந்த வகையில் சேர்த்து வாதாட நல்ல இடம் இருக்கிறது.

12. "தாமதித்தால் இவ்வளவு அபராதம்" என்று எழுதியிருப்பது செல்லுமா?

எதிராளிக்கு இருக்கும் நியாயமான நலனோடு கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குத் தொகை இருந்தால்தான் செல்லாது. கிரெடிட் கார்டுக்குத் தாமதக் கட்டணமாக ஏஎன்இசட் வங்கி வாங்கிய 35 டாலரும் பிறகு 20 டாலரும் அபராதம் ஆகாது என்று 2016-இல் பாசியோக்கோ வழக்கில் தீர்ப்பானது. வங்கிக்கு உண்மையில் ஆன செலவு மிகக் குறைவு என்ற வாதம் எடுபடவில்லை. என் பார்வையில் இது வங்கிகளுக்கு ரொம்பவே சாதகமான தீர்ப்பு.

ஒரே அச்சில் எல்லோருக்கும் நீட்டப்படும் ஒப்பந்தங்களில் நியாயமற்ற ஷரத்துகளைத் தாக்க வேறு ஆயுதம் இருக்கிறது. 2023 நவம்பர் 9 முதல், நுகர்வோரிடமோ சிறு தொழில்களிடமோ அப்படிப்பட்ட ஷரத்தை வைப்பதே சட்டமீறல். நூறு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழில், அல்லது ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலருக்குக் கீழே உள்ள தொழில் 'சிறு தொழில்' ஆகும். நம்மவர்களின் கடைகளும் கன்சல்டிங் கம்பெனிகளும் அநேகமாக இதில் அடங்கிவிடும்.

13. பணம் வேண்டாம், சொன்னதைச் செய்ய வைக்க முடியுமா?

நிலம், வீடு என்றால் பெரும்பாலும் முடியும். ஒவ்வொரு நிலமும் தனி என்பது சட்டத்தின் நம்பிக்கை. லைசன்ஸோடு கூடிய டாக்ஸிக்கும் 1946-இல் அப்படி உத்தரவு கிடைத்தது, லைசன்ஸ்கள் கொஞ்சம்தான் என்பதால். ஒருவரைப் பாடவோ வேலை செய்யவோ நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது.

14. வீடு வாங்கக் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால்?

நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வேலை நாள் அவகாசம், விலகினால் விலையில் 0.25 சதவீதம் போய்விடும். பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 2,500. விக்டோரியாவில் மூன்று வேலை நாள், 0.2 சதவீதம் அல்லது 100 டாலர், எது அதிகமோ அது. ஏலத்தில் எடுத்தால் இரண்டு மாநிலத்திலும் அவகாசம் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் அவகாசம் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் 66டபிள்யூ சான்றிதழில் உங்கள் சொலிசிட்டர் கையெழுத்திட்டாலும் அவகாசம் போய்விடும். விற்பவர் தரப்பு அவசரப்படுத்தி அதைக் கேட்கும்போது, வங்கிக் கடன் உறுதியாகிவிட்டதா என்று யோசியுங்கள். அவகாசம் முடிந்து பின்வாங்கினால் பத்து சதவீத டெபாசிட் போகும். மறுவிற்பனையில் விலை குறைந்தால் அந்த வித்தியாசமும் உங்கள் தலையில் விழலாம்.

15. கடையில் "நோ ரிஃபண்ட்" என்று எழுதியிருக்கிறது.

அப்படி எழுதுவதே சட்டவிரோதம். பொருள் தரமாக இருக்கும் என்பது போல் சட்டமே தரும் நுகர்வோர் உத்தரவாதங்களை எந்த ஷரத்தாலும் நீக்க முடியாது. 2021 ஜூலை 1 முதல் ஒரு லட்சம் டாலர் வரையுள்ள பொருள், சேவைகளுக்கு இவை பொருந்தும். வீட்டு உபயோகத்துக்கான சாமான் என்றால் விலை வரம்பு இல்லை. பெரிய கோளாறு என்றால் பணமா, மாற்றுப் பொருளா என்று தேர்வு செய்வது நீங்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் கடைக்காரர் கட்டுப்பட்டவர் இல்லை.

16. எங்கே போவது? எவ்வளவு நாளுக்குள்?

முதலில் தொகையையும் காரணத்தையும் கெடு நாளையும் எழுதி ஒரு கடிதம். அது பலிக்காவிட்டால் சிறு தகராறுகளுக்குத் தீர்ப்பாயம்: நியூ சவுத் வேல்ஸில் என்கேட், விக்டோரியாவில் விகேட், குயின்ஸ்லாந்தில் க்யூகேட். க்யூகேட்டில் சிறு உரிமை வழக்குகளுக்கு வரம்பு 25,000 டாலர். வழக்கறிஞர் இல்லாமலே பேசலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்கலாம். மகனையோ மைத்துனரையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாதி விஷயத்தை அவர்களே "இது தேவையில்லை" என்று விழுங்கிவிடுவார்கள்.

சாதாரண ஒப்பந்தத்துக்கு மீறல் நடந்த நாளிலிருந்து ஆறு வருடம். நார்தர்ன் டெரிட்டரியில் மூன்றே வருடம். உங்களுக்கு மீறல் தெரியவந்த நாளிலிருந்து என்று எண்ணக் கூடாது. பாக்கிப் பணம் என்றால், கெடு முடிவதற்குள் கடனாளி "தர வேண்டியது உண்மைதான்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், பெரும்பாலான மாநிலங்களில் அந்த நாளிலிருந்து காலக் கணக்கு மறுபடி தொடங்கும்.